வளவுப் பயிரும் அழையா விருந்தினரும்

கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து மேற்கே சென்றால், கரையோரத்து வெண்மணல் மறைந்து வயலின் கருங்களி தொடங்கும். சாய்ந்தமருது, மருதமுனை முதலிய ஊர்களில் வளவு மண்ணை அள்ளினால் அது விரலிடுக்கால் ஒழுகிவிடும். நாவிதன்வெளி, அன்னமலை, சவளக்கடைப் பக்கத்து மண்ணோ மாரியில் ஒருமுறை ஒட்டினால் காலை விட மறுக்கும். சில கல் தொலைவுக்குள் இத்துணை வேறுபாடு. ஆயினும் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர் இரு பக்கத்திலும் கேட்கும் வினாக்கள் ஏறக்குறைய ஒன்றே. கொச்சி இலை ஏன் சுருளுகிறது? காய்த்த கத்தரி ஏன் உள்ளே புழுத்திருக்கிறது? நேற்றுவரை செழித்திருந்த தக்காளி இன்று ஏன் தலை சாய்ந்தது? இவற்றுக்கு மேலாக, எம் பக்கத்துக்கு மட்டும் உரிய வினா ஒன்றுண்டு. யானை வந்தால் என் செய்வது?

வீட்டுத் தோட்டம் பொழுதுபோக்கு என்று கருதியிருந்தவர்களுக்கு 2021, 2022ஆம் ஆண்டுகள் வேறு பாடம் கற்பித்தன. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளைகளினதும் பீடைநாசினிகளினதும் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை தளர்த்தப்பட்டது. அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், அரச ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கும் ஏற்பாடும் நடைமுறைக்கு வந்தது. அக்காலத்தில் வாசற்படி வரை மரவள்ளி நட்டவர்கள் எம்மூரில் பலர். நெருக்கடி தணிந்ததும் பாத்திகளிற் பல புல் மண்டிப்போயின. எஞ்சியவை பெரும்பாலும், பயிருக்கு வந்த நோயை இன்னதென்று அறியக் கற்றுக்கொண்டவர்களின் பாத்திகளே.

ஆம், அறிதலே முதற்படி. எமது அயலில் உள்ள மூதாட்டி ஒருவர் ஒருநாள் எம்மை அழைத்துத் தம் கொச்சிச் செடிகளைக் காட்டினார்.

"மகன், ஆரோ கண்ணூறு பட்டிட்டுது போல. போன கிழமை எப்பிடி இருந்த மரம்! இப்ப பாருங்க."

"ஆச்சி, கண்ணூறு இருக்கட்டும். இலை மேல் பக்கமாச் சுருளுதா, கீழ்ப் பக்கமாச் சுருளுதா எண்டு பாருங்க."

"அதென்ன மகன், எந்தப் பக்கம் சுருண்டா என்ன? சுருண்டது சுருண்டதுதானே!"

ஆச்சி கூறியது நியாயம்போலத் தோன்றினும், எந்தப் பக்கம் என்பதிலேதான் மருந்து இருக்கிறது. இலையின் இரு ஓரங்களும் மேல்நோக்கி வளைந்து தோணிபோல நின்றால், அது பனிப்பூச்சியின் வேலை. கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அச்சிறு பூச்சி கச்சான் காற்று வீசும் வறட்சிக் காலத்தில் மிகப் பெருகும். ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து தோணி கவிழ்ந்தாற்போலவும், இலைக்காம்பு நீண்டும் காணப்பட்டால் அது சிற்றுண்ணி. இது பூச்சியே அன்று. சிலந்தியின் இனத்தைச் சேர்ந்தது. ஆதலாற் பூச்சிக்கென விற்கப்படும் மருந்துகள் பல இதனை ஒன்றும் செய்யா. சிற்றுண்ணியைத் தின்னும் நல்ல உயிர்களை அவை கொன்றுவிடுவதால் தீமை பெருகுவதும் உண்டு. இதற்கு நீரிற் கரையும் கந்தகமே ஏற்றது. மூன்றாவது வகையில் இலை சிறுத்து, மஞ்சள் படர்ந்து, செடி முழுதும் குறுகி நிற்கும். அது வெண் ஈ கொண்டுவந்து சேர்க்கும் வைரசு நோய். அதற்கு மருந்தே இல்லை. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதே அயற்செடிகளைக் காக்கும் வழி. வெண்டியின் இலை நரம்பு மஞ்சளாகும் நோயும் இவ்வகையினதே.

ஆச்சியின் செடியில் இருந்தது பனிப்பூச்சி. இலையின் அடிப்புறம் நனையுமாறு மூன்று நாளைக்கு ஒருமுறை விசையாக நீர் தெளித்தும், கிழமைக்கு ஒருமுறை வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தும் அவர் அதனை அடக்கினார். கண்ணூறு கழித்ததும் அவர்தாம். எதனால் மாறியது என்று இன்றுவரை அவர் எம்மிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

வேப்பங்கொட்டைக் கரைசலைப் பற்றி ஈண்டே கூறிவிடுவோம். நிழலிற் காயவைத்த வேப்பம் பருப்பு 50 கிராமை இடித்துத் துணியில் முடிந்து, ஒரு லீற்றர் நீரில் இரவு முழுதும் ஊறவிட வேண்டும். காலையிற் பிழிந்து வடித்துச் சிறிது சவர்க்காரம் கரைத்தால், அது இலையில் ஒட்டும். காலையில் வடித்ததைக் காலையிலேயே தெளிப்பவர்கள்தாம் "வேம்பு வேலை செய்யவில்லை" என்று குறைகூறுகின்றனர். வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் வெயிலில் விரைவாகச் சிதைந்துவிடும்; மாலை மயங்கிய பின்னரே தெளித்தல் வேண்டும். அது பூச்சியை அக்கணமே வீழ்த்துவதில்லை. உண்ணும் விருப்பைக் கெடுத்து, தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். ஆதலின் இரண்டு மூன்று நாட் பொறுமை வேண்டும். எம் முன்னோர் நெற்குதிரில் வேப்பிலை இட்டதைப் பழக்கம் என்று சிரித்தவர்கள் உண்டு. வேம்பின் பூஞ்சணக் கொல்லித் தன்மைக்கு அமெரிக்க அரசின் விவசாயத் திணைக்களமும் ஓர் அமெரிக்க நிறுவனமும் ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றிருந்தன. இது இந்தியாவில் நெடுங்காலம் அறியப்பட்டது என்னும் வாதம் ஏற்கப்பட்டு 2000ஆம் ஆண்டில் அவ்வுரிமை நீக்கப்பட்டது. மேன்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியானது. முற்றத்து மரத்துக்காக வழக்காட நேர்ந்த காலம் இது!

இனி, தலை சாய்ந்த தக்காளிக்கு வருவோம். மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க எளிய பரிசோதனை ஒன்று இதற்கு உண்டு. வாடிய செடியின் அடித்தண்டில் இரண்டு மூன்று அங்குலத் துண்டை வெட்டி, தெளிந்த நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் அதன் வெட்டுமுனை மட்டும் தோயுமாறு அசையாது தொங்கவிட வேண்டும். சில நிமிடங்களில் வெட்டுமுனையிலிருந்து பால்போன்ற வெண்ணிழைகள் புகைபோலக் கீழ்நோக்கி இறங்கினால், அது பற்றீரியா வாடல் நோய். தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துக்கொண்டிருந்த கோடிக்கணக்கான கிருமிகளே அவ்வாறு வெளிப்படுகின்றன. நீர் தெளிவாகவே இருந்தால் காரணம் வேறு. வேரைக் கிளறிப் பார்க்குமிடத்து முடிச்சு முடிச்சாகத் தென்படின், அது வேர்முடிச்சுப் புழு. கரையோரத்து மணல் வளவுகளில் அதன் தொல்லை மிகுதி.

வாடல் நோய்க்குக் கடையில் மருந்து கேட்டு அலைதல் வீண். வாடிய செடியை வேரோடு அகற்றி, அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, கொச்சி ஆகிய ஒரே குடும்பப் பயிர்களை இரண்டு மூன்று போகத்துக்கு நடாதிருத்தல் வேண்டும். எம் பக்கத்துக் களிமண்ணில் மாரி வெள்ளம் ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு நோயைக் காவிச் செல்வதால், பாத்தியை ஓரடியேனும் உயர்த்தி அமைப்பது நன்று. வேலியோரத்தில் தானாக முளைக்கும் சுண்டங்காய்ச் செடி இந்நோயைத் தாங்கி நிற்கும் இயல்புடையது. அதன் அடிக்கட்டையிற் கத்தரியை ஒட்டுக்கட்டி வளர்ப்பது பல நாடுகளிற் பின்பற்றப்படும் முறையாகும். மாமரத்துக்கு ஒட்டுக்கட்டத் தெரிந்த கை கத்தரிக்கும் கட்டிவிடும். வேர்முடிச்சுப் புழுவுக்கோ, துலுக்கச் செவ்வந்தியை ஒரு போகம் அப்பாத்தியில் நெருக்கமாக வளர்த்து, பின்னர் மண்ணோடு சேர்த்துக் கொத்திப் புரட்டினால் பெரிதும் தணியும்.

கத்தரியிற் புழு என்பது எமது சந்தையில் நாடோறும் கேட்கும் முறைப்பாடு. காயிலே துளையைக் கண்ட பின்னர் மருந்தடிப்பது, கள்வன் உள்ளே புகுந்த பின் கதவைப் பூட்டி அவனுக்கே பாதுகாப்பளிப்பது போன்றது; புழு உள்ளே இருக்க நஞ்சு வெளியே படிந்து எம் வயிற்றையே சேரும். இதன் வரலாற்றைக் கவனியுங்கள். இரவில் வரும் சிறிய வெண்ணிற அந்து இலையிலும் குருத்திலும் முட்டையிடும். பொரித்த புழு முதலிற் குருத்தைக் குடைந்து நுழையும். அக்குருத்து தனியே வாடித் தொங்கும். காய் பிடித்த பின்னரே அது காய்க்குச் செல்லும். ஆகவே காய்க்கும் முன்பே, வாடித் தொங்கும் குருத்துகளைக் கிழமைக்கு இருமுறை ஓரங்குலம் கீழே கிள்ளி எரித்துவிட்டால் புழுவின் தலைமுறை அங்கேயே முடியும். கிள்ளிய குருத்தைச் செடியடியிலேயே எறிந்தால் பயனில்லை. புழு இறங்கிச் சருகுள் கூட்டுப்புழுவாகி மீண்டும் அந்தாக எழும். இதனை ஒரு வீட்டார் மட்டும் செய்வதிலும் பயன் குறைவு. வேலிக்கு அப்பாலுள்ள வீட்டாரும் செய்ய வேண்டும்.

பாகல், புடோல், மா, கொய்யா ஆகியவற்றைப் பழ ஈ விடாது. பிஞ்சின் தோலில் ஊசியேற்றியதுபோல் முட்டையிட்டுச் செல்லும் ஈயை எந்த மருந்தும் தேடிப் பிடிக்காது. பூ உதிர்ந்த இரண்டொரு நாளில் பிஞ்சைப் பழைய கடதாசிப் பையாலோ மெல்லிய துணியாலோ மூடிக் கட்டுவதே உறுதியான காப்பு. மருதமுனை நெசவாளர் வீடுகளிற் கழியும் துண்டுத் துணிகள் இதற்கு மிக வாய்ப்பானவை. கீழே விழுந்த அழுகற் பழத்தைப் பொறுக்கி ஒன்றரை அடி ஆழத்திற் புதைக்க வேண்டும். கூட்டெருக் குவியலில் எறிந்தால் ஈக்குப் பண்ணை வைத்ததாகும். மா, கொய்யா ஆகியவற்றைத் தாக்கும் ஈயின் ஆண்கள் துளசியின் மணத்துக்கு ஓடிவரும். துளசி இலையைக் கசக்கிச் சிறிது நீருடன் துளையிட்ட போத்தலில் இட்டு மரத்திலே தொங்கவிட்டால் அவை விழுவதைக் காணலாம். எல்லா ஈயும் இவ்வழியில் ஒழிந்துவிடும் என்று எண்ணற்க. தோட்டத்தில் ஈ மிகுந்துவிட்டதா என்பதை அறிவதற்கே இது பெரிதும் உதவும். பாகலைத் தாக்கும் ஈ வேறினம். துளசிக்கு அது மசியாது.

பப்பாசி மரத்தின் இலையிலும் காயிலும் வெண்மாவை அப்பினாற்போலப் படியும் மாவுப்பூச்சியைப் பலர் மறந்திருப்பர். மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளுக்கு உரிய அப்பூச்சி 2008ஆம் ஆண்டில் இலங்கையிலும், அதே ஆண்டிற் கோயம்புத்தூரிலும் தென்பட்டது. மருந்துக்கு அது அடங்கவில்லை. உடலைப் போர்த்திய மெழுகுமா நஞ்சை ஒட்டவிடாது. இறுதியில் அதனை அடக்கியது, எள்ளினும் சிறியதான ஒரு குளவி. புவேட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடும்; குஞ்சு அப்பூச்சியை உள்ளிருந்து தின்று வெளிவரும். இலங்கையில் 2009இலும் தமிழ்நாட்டில் 2010இலும் விடப்பட்டபின் தொல்லை வெகுவாகக் குறைந்தது. ஒரு வீட்டில் தொடர்ந்து நஞ்சடித்தால் முதலில் மாள்வது அக்குளவிதான்.

எறும்பைப் பற்றியும் இருவகைக் கருத்து உண்டு. மாவுப்பூச்சியும் அழுக்கணவனும் கசியவிடும் இனிப்பு நீருக்காகச் சிற்றெறும்புகள் அவற்றை மாடு மேய்ப்பதுபோல் காத்து நிற்கும். ஆதலால் செடிமேல் எறும்பு ஊர்வதைக் கண்டால் இலையைத் திருப்பிப் பாருங்கள். ஆனால், மாமரத்து முசுறு கடிக்கிறதென்று கூட்டைக் கொளுத்துவோர் சற்றுச் சிந்திக்க வேண்டும். கி.பி. 304ஆம் ஆண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் சீன நூலொன்று, தோடைத் தோட்டங்களுக்காக முசுற்றுக் கூடுகள் பையோடு சந்தையில் விற்கப்பட்டதைக் கூறுகிறது. பிறர் பணம் கொடுத்து வாங்கிய காவலனை நாம் தீவைத்துத் துரத்துகிறோம். பழம் பறிக்கும் நாளில் மட்டும் சற்று விலகி நின்றாற் போதும்.

தென்னையின் கருவண்டுக்கு ஒரு வார்த்தை. அது பிறப்பது தென்னையில் அன்று, எருக்குவியலில். குவியலை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டு, வெண்ணிறப் புழுக்களைக் கோழிக்கு இட்டால் பாதி வேலை முடிந்தது. எலிக்கு, தென்னந்தண்டில் எட்டடி உயரத்தில் ஓரடி அகலத் தகரத்தைச் சுற்றி அடித்துவிடலாம். அயல்மரத்து ஓலை அதனைத் தொட்டுக்கொண்டிருந்தால் தகரம் வெறும் அலங்காரமே.

மாரி தொடங்கிக் கிட்டங்கியில் வெள்ளம் பாயும் நாள்களில் வளவெங்கும் ஊர்ந்து வருவது ஆபிரிக்க இராட்சத நத்தை. கிழக்கு ஆபிரிக்காவுக்குரிய இந்த நத்தையை 1847இல் மொரிசியசுத் தீவிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விட்டவர் பென்சன் என்னும் சங்கு, நத்தை ஆராய்ச்சியாளர். 1900ஆம் ஆண்டளவில் இலங்கைக்கும் அது கொணரப்பட்டது. ஒருவரின் ஆர்வத்துக்கு எத்தனை வீட்டுக் கீரைப் பாத்திகள் இரையாயின! ஒருமுறைக்கு இருநூறு முட்டை வரை இடும். ஓட்டை வளர்க்கச் சுண்ணாம்பு வேண்டுமென்று வீட்டுச் சுவரையும் சுரண்டும். பசிபிக் தீவுகளில் இதனை ஒழிப்பதற்கென, நத்தையைத் தின்னும் வேறொரு நத்தையை இறக்கினர். 1970களில் தாகித்தி, மூரியாத் தீவுகளில் அவ்வாறு விடப்பட்ட அந்த நத்தை, ஆபிரிக்க நத்தையை விட்டுவிட்டு அத்தீவுகளுக்கே உரிய சின்னஞ்சிறு மரநத்தை இனங்களைத் தின்று தீர்த்தது. பப்பாசிக்கு வந்த குளவி நன்மை செய்ததும் இந்த நத்தை கேடு செய்ததும் ஏனெனில், குளவிக்கு உணவு ஒன்றே. நத்தைக்கோ அகப்பட்டதெல்லாம் உணவு.

எம் இல்லங்களிற் பலர் நத்தைமேல் உப்பைக் கொட்டுகின்றனர். நத்தை சாகும், உப்போ மண்ணில் தங்கிக் களிமண்ணை இறுக்கிப் பயிரையும் வாட்டும். அந்தி சாய்ந்ததும் நனைத்த சாக்கொன்றின் கீழே பப்பாசி இலைகளை இட்டு வைத்தால் நத்தைகள் அங்கே கூடும். விடியுமுன் பொறுக்கிச் சவர்க்கார நீரிலோ கொதிநீரிலோ அமிழ்த்தி, ஆழப் புதைத்துவிடலாம். வெறுங் கையால் தொடலாகாது. பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்வது அவசியம். இந்த நத்தை, எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகளைத் தன்னுடலிற் சுமப்பது. அவை மனித உடலிற் புகுந்தால் மூளையைச் சூழ்ந்த சவ்வை அழற்றிக் கொடிய தலைவலியையும் ஆபத்தையும் விளைக்கும். வல்லாரைச் சம்பலையும் பொன்னாங்காணிச் சுண்டலையும் மாரியில் விரும்பி உண்பவர்கள் நாம். சுண்டல் அடுப்பில் வேகிறது; சம்பலோ பச்சையாகவே உண்ணப்படுகிறது. ஆதலால் வல்லாரையை இலையிலையாகப் பிரித்து, ஓடும் நீரிற் பன்முறை அலசி, அடிப்புறத்தில் குட்டி நத்தை ஒட்டியிருக்கிறதா என்று கண்ணாற் பார்த்த பின்னரே அரிய வேண்டும். நத்தை மிகுந்த கிழமைகளில் அவித்து உண்பதே சாலச் சிறந்தது. சிறுபிள்ளைகள் நத்தையோட்டை எடுத்து விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாகாது.

சேனாப் படைப்புழுவை இம்மாவட்டத்தார் மறக்க இயலாது. 2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இலங்கையிலேயே முதன்முதலாக அம்பாறைச் சோளன் செய்கையில் அது கண்டறியப்பட்டது. வீட்டிலே பத்துப் பதினைந்து சோளன் நட்டவர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. காலையிற் குருத்துக்குள் மரத்தூள் போன்ற எச்சத்தைக் கண்டால் விரித்துப் புழுவை எடுத்து நசுக்கிவிடலாம். பத்து ஏக்கருக்கு இயலாதது பத்துச் செடிக்கு இயலும். வீட்டுத் தோட்டத்தின் பலமே இதுதான்: கண்ணும் கையும் எட்டும் பரப்பு. இதை மறந்து, வயலுக்கு வாங்கிய நஞ்சின் மிச்சத்தைக் கீரைக்கும் அடிப்பவர்களை நாம் காண்கிறோம். அறுவடைக்கு முன் கழிய வேண்டிய நாள்கள் அப்புட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். நெல்லுக்கு அந்நாள்கள் கழியும். அன்றாடம் கிள்ளும் கீரைக்குக் கழிவதில்லை. அன்றியும், மிச்ச மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி அடுக்களை மூலையில் வைப்பது வீட்டுள்ளே நாகத்தை வளர்ப்பதாகும். புகையிலைக் கசாயம் இயற்கையானது, தீங்கற்றது என்பதும் பொய்ந்நம்பிக்கை. நிக்கொட்டின் கொடிய நஞ்சு, தோல் வழியாகவும் ஏறும்; புகையிலையின் வைரசு நோய் தக்காளிக்கும் கொச்சிக்கும் அதன்வழியே பரவுதலும் உண்டு. ஐயம் எழுந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கலாம். கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் வாடிய செடியையே கொண்டுசென்று காட்டுவது அதனினும் நன்று.

இனி, நாலுகாற் பிராணிகள். வேலியைக் காக்கக் கல்முனை, பாண்டிருப்புக் கரைகளிலிருந்து பழைய மீன்வலைகளை வாங்கிக் கட்டுவது எம்மவர் வழக்கம். கோழியைத் தடுக்க அது நல்லதே. ஆயின் வலையின் அடி தரையில் தளர்ந்து கிடந்தால் சாரைப்பாம்பு சிக்கி மாளும். ஓராண்டில் எத்தனையோ எலியை விழுங்கும் சாரையை இழந்தவன், எலியையும் எலிக்காய்ச்சலையும் வரவேற்றவன் ஆகிறான். வலையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கட்டி, அடியிற் கிடுகு செருகினால் இரண்டும் கைகூடும். குரங்கைப் பற்றி நாம் சொல்வதற்கு அதிகம் இல்லை. 2025 மார்ச் 15ஆந் திகதி காலை 8 மணி முதல் 8.05 வரை நாடு முழுவதும் வளவுகளில் நின்று குரங்கு, மந்தி, மரஅணில், மயில் ஆகியவற்றை எண்ணுமாறு அரசாங்கம் கேட்டதை வாசகர்கள் அறிவர். அந்த ஐந்து நிமிடத்தில் வராது ஆறாவது நிமிடத்தில் வந்த குரங்குகளின் கணக்கு யாரிடம் உள்ளதோ! உணவுக் கழிவை வெளியே கொட்டாமையும், பழத்தை முற்றியவுடன் பறித்துவிடுவதும், வீட்டு நாயும் ஓரளவு உதவும். அவ்வளவே.

யானையின் செய்தி வேறு. கல்லோயா அபிவிருத்திச் சபை 1949இல் அமைக்கப்பட்டு, சேனநாயக்க சமுத்திரமும் வாய்க்கால்களும் குடியேற்றங்களும் உருவானபோது, மத்திய முகாம் முதலிய கொளனிகள் காட்டை வெட்டியே எழுந்தன. யானைகளின் பழைய தடம் எம் வயல்களூடாகச் செல்கிறது என்பதை அவை மறக்கவில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 470க்கு மேற்பட்ட யானைகளும், யானைகளால் 170க்கு மேற்பட்ட மக்களும் மாண்டனர். இரு பக்கத்துச் சாவையும் ஒருங்கே எண்ணாத எந்தப் பேச்சும் எமக்கு நிறைவளிப்பதில்லை. கணவனையோ மகனையோ இழந்த வீட்டாரிடம் விலங்கின்பால் இரக்கம் கொள்ளுமாறு கூறுவது எளிதன்று.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகக் கூறுவோம். வீட்டு மின்சாரத்தை நேரே வேலிக் கம்பியில் இணைத்தல் கொலைக்கு ஒப்பானது, சட்டப்படியும் குற்றமாகும். "அரசாங்கத்து யானைவேலியிலும் மின்சாரம்தானே ஓடுகிறது?" என்று எம் மாணவர்கள் சிலர் வினவினர். அவ்வேலியில் அழுத்தம் பல ஆயிரம் வோல்ற்று எனினும், மின் ஏறுவது ஒரு செக்கனுக்கு ஒருமுறை, அதுவும் செக்கனில் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைந்த நேரம். அதிர்ச்சி உண்டாகும், உயிர் போகாது, தொட்டவர் கையை எடுத்துக்கொள்ளலாம். வீட்டு மின்சாரம் 230 வோல்ற்றே. ஆயினும் இடைவிடாது பாய்ந்து தசையை இறுக்குவதால் பிடித்த கை விடுபடாது. மாரியில் ஈரக்களியின்மேல் வெறுங்காலுடன் நிற்பவனுக்கு அது யமன். அக்கம்பியில் யானை மட்டும் மாட்டுவதில்லை. விடியலில் வாய்க்காற் பக்கம் போன அயல்வீட்டாரும், மாடு தேடிச் சென்ற சிறுவரும் மாட்டுவர். பன்றிக்கென்று பழத்துள் வைக்கும் வெடியும் இத்தகையதே. வாய் சிதைந்த யானைக் கன்று பல நாள் உண்ண முடியாது வாடிச் சாகும்.

யானை வீட்டை உடைப்பது பெரும்பாலும் உள்ளே வைத்த நெல்லின் மணத்துக்கு. அறுவடை நெல்லைப் படுக்கையறையில் அடுக்காது, சுவர் உறுதியான தனிக் களஞ்சியத்திலோ, அயலவர் சிலர் சேர்ந்து ஓரிடத்திலோ வைப்பது உயிர்க்காப்பாகும். வீட்டுச் சுவரை ஒட்டி வாழை நடுவதையும், பலாப்பழத்தை மரத்திலேயே பழுக்கவிடுவதையும் தவிர்க்க வேண்டும். யானை நடமாடும் காலத்தில் வளவைச் சுற்றிப் பற்றைகளை வெட்டி வைத்தால், நிற்பது தொலைவிலேயே தெரியும். கண்டால் ரோச் லைற்றுடன் கிட்டே ஓடுவதை விடுத்து வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அறிவியுங்கள். கென்யாவில் தேன்கூட்டுப் பெட்டிகளைக் கம்பியில் தொடுத்து வேலியாக்கிய முறையை வஸ்கமுவைப் பக்கத்திலும் பரீட்சித்துள்ளனர். அங்கேயே வீடுகளைச் சூழத் தோடை நடும் முயற்சியும் நடைபெற்றது. யானை தோடை இனத்தை விரும்பி உண்பதில்லை. வீட்டாருக்கோ பழம் விற்று வருவாய் கிடைக்கும். தோடை ஒன்று மட்டும் யானையைத் தடுத்துவிடும் என்று நாம் கூறமாட்டோம். ஆனால் வாழை நின்ற இடத்தில் தோடை நிற்பது, அழைப்பிதழை மீட்டுக்கொண்டதற்குச் சமம்.

எம் களிமண்ணில் தோடையோ தேசியோ நட விரும்புவோர், தேங்கும் நீரில் அவற்றின் வேர் அழுகும் என்பதை நினைவிற் கொள்க. இரண்டடி உயர மேடு கட்டி, மணலும் கூட்டெருவும் கலந்து, ஐப்பசி மழைக்கு மூன்று கிழமை முன்பே மண்ணை ஆறவிட வேண்டும். ஒட்டுக்கன்றானால் ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே அரையடியேனும் நிற்க வேண்டும். முதல் மழை விழுந்து, மண் நனைந்து சற்று இறுகிய பின் ஒரு மாலையில் நடுங்கள்.